வேலைநேர நெகிழ்ச்சியும் அதன் அளவுகோலும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் தொழிலாளர் வாரமொன்றில் எத்தனை மணிநேரம் வேலை செய்கின்றனர் என்னும் வினாவுக்கு விடை காண்பது ஓரளவு எளிது. அவர்தம் வேலைநேரம் எத்துணை நெகிழ்ச்சியுடையது என்னும் வினாவோ அத்துணை எளிதானதன்று. நெகிழ்ச்சி என்னுஞ் சொல்லை முதலாளி வழங்கும்போது அது ஒரு பொருளையும், தொழிலாளி வழங்கும்போது பிறிதொரு பொருளையும் தருகின்றது. வேலை குவியும் வாரத்தில் ஐம்பது மணிநேரமும், வேலை குன்றும் வாரத்தில் முப்பது மணிநேரமும் ஆட்களைப் பயன்படுத்தக்கூடிய நிலையை முதலாளி நெகிழ்ச்சி என்பான். பிள்ளையைப் பாடசாலையிற் சேர்த்துவிட்டு ஒருமணிநேரம் பிந்தி வரவும், அதற்கீடாக மாலையில் ஒருமணிநேரம் கூடுதலாக வேலை செய்யவுமுள்ள உரிமையைத் தொழிலாளி நெகிழ்ச்சி என்பாள். இரண்டிலும் நேரம் அசைகின்றது. அதனை அசைக்கும் கை எது என்பதே வேறுபாடு.

ஆகவே நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் வேலைநேர ஒழுங்குகளை ஒப்பிட முற்படுவோர் முதலில் தம் அளவுகோலைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். இவ்வளவுகோற் பிரச்சினை இன்று நேற்றுத் தோன்றியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் பஞ்சாலைகளிலும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்கு ஜேர்மனியின் தொழிலகங்களிலும் இதுவே கடும் போராட்டங்களுக்குக் காரணமாயிற்று. அவ்விரு வரலாறுகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கி, அவற்றிலிருந்து ஒப்பீட்டுக்குரிய அளவைகள் சிலவற்றைப் பெறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடிகாரத்துக்கு முன்னும் பின்னும்

கைத்தொழிற் புரட்சிக்கு முந்திய இங்கிலாந்தில் வீட்டிலிருந்து நெய்த நெசவாளன் மணிக்கணக்கில் வேலை செய்தானல்லன். முடிக்கவேண்டிய வேலையே அவன் நாளை வகுத்தது. துணி ஒப்படைக்கும் நாள் அண்மிக்கும்போது இரவு பகலாகத் தறியிலிருப்பான். கூலி பெற்றபின் ஓய்ந்திருப்பான். திங்கட்கிழமையைப் புனித நாள்போற் கருதி வேலைக்கு வாராதிருக்கும் வழக்கம் கைவினைஞரிடையே பரவலாக இருந்தது. வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இவ்வாழ்க்கைமுறையை விரிவாக ஆராய்ந்துள்ளார். வேலை நோக்கிய காலவுணர்வு, கடிகாரம் நோக்கிய காலவுணர்வாக மாறியமையே தொழிற்சாலை ஒழுக்கத்தின் அடிப்படை என்பது அவர் காட்டிய உண்மையாகும். எனினும் அப்பழைய வாழ்வைப் பொற்காலமெனக் கொள்ளல் பொருந்தாது. வறுமை மிகுந்தவிடத்து நேரத்தை வகுக்கும் உரிமை பட்டினியை வகுக்கும் உரிமையாகவே எஞ்சியது.

தொழிற்சாலை தோன்றியபோது நேரத்தை அளக்கும் கருவி முதலாளியின் உடைமையாயிற்று. மக்கிள்ஸ்பீல்ட் நகரத்துப் பட்டாலையொன்றில் 1810ஆம் ஆண்டளவில் நிறுவப்பட்ட கடிகாரத்துக்கு இரண்டு முகங்கள் இருந்தன. ஒன்று வழக்கமான நேரத்தைக் காட்டியது. மற்றையது ஆலையின் நீர்ச்சக்கரத்துடன் பிணைக்கப்பட்டிருந்தது. ஆற்றில் நீர் குன்றிச் சக்கரம் மெல்லச் சுழன்றால் ஆலை நேரமும் பிந்திச் செல்லும். இழந்த நேரத்தைத் தொழிலாளர் மாலையில் ஈடுசெய்தல் வேண்டும். இயற்கையின் ஏற்றத்தாழ்வால் விளையும் நட்டத்தைத் தொழிலாளியின் நேரத்திலிருந்து ஈடுசெய்யும் இம்முறையை வேலைநேர நெகிழ்ச்சியின் மிகப் பழைய இயந்திர வடிவங்களுள் ஒன்று எனலாம். வேறு ஆலைகளில் கடிகாரம் காலையில் முன்தள்ளியும் மாலையில் பின்தள்ளியும் வைக்கப்பட்டதாகத் தொழிலாளர் முறையிட்டமை அக்காலப் பாராளுமன்ற விசாரணைகளிற் பதிவாகியுள்ளது.

1833 முதல் 1850 வரை

இங்கிலாந்தின் 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் வேலைசெய்யும் சிறுவரையும் இளையோரையும் காக்க எழுந்தது. ஒன்பது முதல் பதின்மூன்று வயதுக்குட்பட்ட சிறுவர் வாரத்துக்கு 48 மணிநேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட இளையோர் நாளுக்கு 12 மணிநேரமும் மட்டுமே வேலை செய்யலாம் என அது விதித்தது. அதனை நடைமுறைப்படுத்த நான்கு தொழிற்சாலைப் பரிசோதகர் நியமிக்கப்பட்டனர். அவர்களுள் லங்காஷயர் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த லெனாட் ஹோனர் பின்னர் பெரும் புகழ் பெற்றவர்.

இச்சட்டத்திற் பெரியதோர் ஓட்டை இருந்தது. இளையோர் வேலை செய்யக்கூடிய காலவெல்லை காலை 5.30 முதல் இரவு 8.30 வரையென வகுக்கப்பட்டது. அஃதாவது, 15 மணிநேரமுடைய ஒரு சாளரத்துக்குள் 12 மணிநேர வேலை எங்கும் அமையலாம். இவ்விடைவெளியைப் பயன்படுத்தி முதலாளிகள் 'றிலே' முறை எனப்படும் மாற்றுக்குழு முறையை அமைத்தனர். தொழிலாளரைப் பல குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை இரண்டு மணிநேரம் வேலையில் ஈடுபடுத்தி, ஒரு மணிநேரம் வெளியே அனுப்பி, மீண்டும் அழைத்து வேறோர் இயந்திரத்தில் நிறுத்தினர். ஆலை நாள் முழுவதும் ஓடியது. தனியொருவர் சட்டவெல்லையைத் தாண்டி வேலை செய்தனர் என்பதை நிறுவுவது மட்டும் இயலாததாயிற்று.

1844ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வோட்டையை அடைக்க முயன்றது. முதன்முறையாக வயதுவந்த பெண்களும் 12 மணிநேர வரையறைக்குள் கொண்டுவரப்பட்டனர். பாதுகாக்கப்பட்டோருள் எவரேனும் ஒருவர் காலையில் வேலை தொடங்கும் நேரத்திலிருந்தே அனைவரது வேலைநேரமும் கணிக்கப்படல் வேண்டும். அது அண்மையிலுள்ள புகையிரத நிலையக் கடிகாரம் போன்ற பொதுக் கடிகாரமொன்றைக் கொண்டு ஒழுங்குபடுத்தப்படல் வேண்டும். வேலைநேரத்தையும் உணவு நேரத்தையும் காட்டும் அறிவித்தல் ஆலையில் தொங்கவிடப்படல் வேண்டும். இவை அற்பமான நிருவாக விதிகள்போலத் தோன்றலாம். ஆனால் நேரத்தின் அளவுகோலை முதலாளியின் கையிலிருந்து பொதுமன்றுக்கு மாற்றிய முதல் விதிகள் இவையே என்பது நோக்கற்பாலது.

ஜோன் பீல்டன் முன்னின்று நிறைவேற்றிய 1847ஆம் ஆண்டுப் பத்துமணிச் சட்டம் பெண்களதும் இளையோரதும் நாளை 1848 மே 1 முதல் 10 மணிநேரமாகக் குறைத்தது. தொழிலாளர் பல்லாண்டு நடத்திய கிளர்ச்சியின் வெற்றியாக இது கொண்டாடப்பட்டது. ஆயினும் வணிகம் மீண்டும் செழிக்கத் தொடங்கியதும் மாற்றுக்குழு முறை புத்துயிர் பெற்றது. பத்து மணிநேர வேலை பதினைந்து மணிநேரச் சாளரத்துக்குள் துண்டுதுண்டாகச் சிதறடிக்கப்பட்டது. கணக்கேட்டின்படி பத்து மணிநேரமே வேலை செய்த பெண், காலை முதல் இரவு வரை ஆலையின் வாசலைச் சுற்றியே வாழ்ந்தாள். இடையிற் கிடைத்த ஓய்வுத் துண்டுகள் வீட்டுக்குச் சென்று சமைப்பதற்கும் போதா, உறங்குவதற்கும் போதா.

பரிசோதகர்க்கு நேர்ந்த இடர்ப்பாடு இங்கு நம் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. நூற்றுக்கணக்கானோர் வெவ்வேறு நேரங்களில் உள்ளே வருவதும் வெளியே செல்வதுமாக இருக்கும் ஆலையில், இன்னார் இன்று எத்தனை மணிநேரம் வேலை செய்தார் என எவ்வாறு கணிப்பது? சட்டம் மணிக்கு எல்லை விதித்தது. நெகிழ்ச்சி அந்த எல்லையை அளக்கமுடியாததாக்கியது. அளக்கமுடியாத உரிமை நடைமுறையில் இல்லாத உரிமையே என்பதை ஹோனர் தம் அறிக்கைகளில் இடையறாது வற்புறுத்தினார். உள்நாட்டமைச்சர் சேர் ஜோர்ஜ் கிறே 1848 ஓகஸ்டில் வெளியிட்ட சுற்றுநிருபமோ, மாற்றுக்குழு முறை தொடர்பாகச் சட்டத்தின் எழுத்துக்கு மாறான செயல்களுக்கு வழக்குத் தொடராதிருக்குமாறு பரிசோதகரைக் கேட்டது. ஸ்கொத்லாந்தின் பரிசோதகர் அதற்கிணங்கினார். ஹோனர் இணங்காது வழக்குகளைத் தொடர்ந்தார்.

அதே 1848ஆம் ஆண்டில் ஹோனரும் அவருடைய உதவியாளரும் லங்காஷயர் ஆலைத் தொழிலாளர் பலரை நேரிற்கண்டு, குறைந்த நேரமா கூடிய கூலியா விருப்பம் என வினாவினர். கூலி குறையினும் பத்துமணி நாளே வேண்டும் என்றோர் பெரும்பான்மையினராயிருந்தனர். வேலைநேரம் பற்றித் தொழிலாளரின் விருப்பத்தைக் கேட்டறிந்து பதிவுசெய்த தொடக்ககால முயற்சிகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம். பிற்கால ஆய்வுகள் பலவும் மறந்துபோன ஓர் உண்மை அதில் அடங்கியிருந்தது: வேலைநேரத்தை அளப்போர் அந்நேரத்தை வாழ்வோரைக் கேளாது அளத்தல் இயலாது.

1850 பெப்ரவரி 8ஆம் நாள் எக்ஸ்செக்கர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றுக்குழு முறையைத் தடுப்பதே சட்டவாக்கத்தினரின் எண்ணமாயிருந்திருக்கலாம். எனினும் தண்டனை விதிக்கும் சட்டத்தின் சொற்கள் அதனைத் தெளிவாகக் கூறவில்லை என்பது தீர்ப்பின் சாரம். இத்தீர்ப்பாற் பத்துமணிச் சட்டம் உயிரற்ற உடலாயிற்று. தொழிலாளரின் கொதிப்புக்கிடையில் ஆஷ்லி பிரபு ஓர் இணக்கத்துக்கு உடன்பட, அதே ஆண்டு ஓகஸ்டிற் புதிய சட்டம் பிறந்தது. காலை 6 முதல் மாலை 6 வரை அல்லது காலை 7 முதல் மாலை 7 வரை என்னும் ஒரே சாளரம் வகுக்கப்பட்டது. அதில் ஒன்றரை மணிநேரம் உணவுக்குரியது. சனிக்கிழமை பிற்பகல் 2 மணியுடன் பெண்களும் இளையோரும் வேலையை நிறுத்தல் வேண்டும். நாளுக்குப் பத்தரை மணிநேரமாக ஐந்து நாளும், சனிக்கிழமை ஏழரை மணிநேரமும் சேர்ந்து வாரம் 60 மணிநேரமாயிற்று.

1847ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த வாரம் 58 மணிநேரமே. அவ்வகையில் தொழிலாளர் இரண்டு மணிநேரத்தை இழந்தனர். பலர் இதனைக் காட்டிக்கொடுப்பு எனவுங் கண்டித்தனர். சிறுவர் இவ்வேற்பாட்டினுள் அடங்காது 1853ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. ஆனால் இரண்டு மணிநேரத்தை விலையாகக் கொடுத்துப் பெற்ற பொருள் ஒன்றுண்டு. வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பது ஆலைக்கு வெளியே நிற்பவனுக்கும் தெரியும் நிலை அதுவாகும். மாலை ஆறு மணிக்குப் பின்னர் இயந்திரத்தருகே ஒரு பெண் நின்றாற் சட்டம் மீறப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. மூலதனம் நூலின் முதற்பாகத்தில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தை எழுதிய கார்ல் மார்க்ஸ் இப்போராட்டத்துக்கு விரிவான இடமளித்தமைக்கும் இதுவே காரணமாதல் வேண்டும். நெகிழாத வேலைநாள் முதலிற் பிறந்தது தொழிலாளரைக் கட்டுவதற்காக. பின்னர் அதுவே தொழிலாளரின் கேடயமாயிற்று.

சராசரி என்னும் புதுக் கருவி

1919ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சர்வதேசத் தொழில் தாபனத்தின் முதலாவது சமவாயம், கைத்தொழில்களில் நாளுக்கு 8 மணிநேரம், வாரத்துக்கு 48 மணிநேரம் என்னும் எல்லையை வகுத்தது. உலகளாவிய வெற்றியாகப் போற்றப்பட்ட இச்சமவாயத்தினுள்ளேயே நெகிழ்ச்சிக்குரிய சிறு வாயிலும் இருந்தது. முறைமாற்று வேலைசெய்வோர் மூன்று வாரங்கள் அல்லது அதற்குட்பட்ட காலத்தில் எட்டு மணிநேரச் சராசரியைப் பேணினாற் போதுமானது எனக் கூறப்பட்டது. நாளை அளவலகாகக் கொண்டிருந்த சட்டம் சராசரியை அளவலகாக ஏற்கத் தொடங்கிய இடம் இதுவாகும்.

இம்மாற்றத்தின் போக்கைச் சில எண்கள் நன்கு காட்டும். 1919இல் முறைமாற்று வேலைக்குச் சராசரி எடுக்கும் காலம் மூன்று வாரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1993ஆம் ஆண்டு வேலைநேரப் பணிப்பாணை, மேலதிக நேரத்தையும் உள்ளடக்கிய 48 மணிநேர வாரச் சராசரியை நான்கு மாத காலத்திற் கணிக்க இடமளித்தது. அதேவேளை நாளுக்குத் தொடர்ச்சியான 11 மணிநேர ஓய்வையும் கட்டாயமாக்கியது. ஜேர்மனியின் 1994ஆம் ஆண்டு வேலைநேரச் சட்டம் நாளொன்றின் எல்லையான 8 மணிநேரத்தை 10 வரை நீட்ட அனுமதித்து, ஆறு மாத காலத்தில் எட்டு மணிநேரச் சராசரி பேணப்பட்டாற் போதும் என்றது. வாரத்துக்கு ஆறு வேலைநாள் என்பது அச்சட்டத்தின் கணக்கு. ஆகவே ஒரு தனி வாரத்தில் 60 மணிநேரம் வரை வேலை வாங்குதல் சட்டத்துக்கு அமைவானதே. 1850ஆம் ஆண்டின் லங்காஷயர் வாரமும் 60 மணிநேரமே என்பதை நினைவுகூர்தல் தகும். பின்னையது ஒவ்வொரு வாரத்துக்கும் உரியது, முன்னையது பின்னர் ஈடுசெய்யப்படுவது என்னும் வேறுபாடு பெரிதுதான். எனினும் அவ்வாரத்தை வாழும் உடலுக்குச் சராசரி தெரியாது.

ஒட்டோபிறூன் முதல் லேபர் இணக்கம் வரை

தொம்சனின் கட்டுரை வெளிவந்த அதே 1967ஆம் ஆண்டில், மியூனிச் நகருக்கு அண்மையிலுள்ள ஒட்டோபிறூனில், பின்னாளில் மெசர்ஸ்மிற்–பொல்கோ–புளொம் எனப் பெயர்பெற்ற விமானத் தொழிலகம் புதுமுறையொன்றைக் கையாண்டது. ஊழியர் அனைவரும் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் வெளியேறியமையால் வீதிகளிலும் வாயில்களிலும் பெரும் நெரிசல் ஏற்பட்டது. இதற்குப் பரிகாரமாக, நாளின் நடுப்பகுதியில் அனைவரும் இருக்கவேண்டிய மைய நேரம் ஒன்றை வகுத்து, அதற்கு முன்னும் பின்னும் வருகையையும் புறப்பாட்டையும் ஊழியரின் விருப்பத்துக்கு விட்டனர். ஜேர்மானியர் இதனைக் 'கிளைற்சைற்' என்றனர். வழுகிச் செல்லும் நேரம் என்பது அதன் பொருள். இத்தகைய முறையின் தேவையைப் பொருளியலாளர் கிறிஸ்டெல் கெமரர் அம்மையார் முன்னரே எடுத்துக் கூறியிருந்தார். வீட்டுப் பொறுப்புடைய பெண்களைத் தொழிலுக்கு ஈர்க்கும் வழியாக அவர் அதனைக் கருதினார்.

இம்முறை மேற்கு ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் 1970களில் விரைந்து பரவியது. ஐக்கிய அமெரிக்காவும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கூட்டாட்சி அரசாங்க ஊழியரிடையே இதனைப் பரீட்சித்து, 1982இற் புதிய சட்டத்தாற் தொடர்ந்தது. தொழிற்சங்கங்கள் தொடக்கத்தில் ஐயத்துடனேயே நோக்கின. முன்னர் மேலதிக நேரமாகக் கணிக்கப்பட்டுக் கூடிய ஊதியம் பெற்ற மணிநேரம், இப்போது கணக்கேட்டில் வரவு வைக்கப்படும் சாதாரண மணிநேரமாகிவிடும் என அவை அஞ்சின. மேலும் இச்சலுகை பெரும்பாலும் அலுவலக ஊழியர்க்கே கிட்டியது. ஓடும் பட்டியின் முன் நிற்கும் தொழிலாளி அரைமணிநேரம் பிந்தினாற் பட்டி முழுவதுமே நின்றுவிடும். நெகிழ்ச்சியின் பங்கீட்டில் வர்க்க வேறுபாடு தொடக்கத்திலேயே பதிந்திருந்தது.

அடுத்த திருப்பம் 1984ஆம் ஆண்டு நிகழ்ந்தது. மேற்கு ஜேர்மனியில் வேலையற்றோர் தொகை இருபது இலட்சத்தைத் தாண்டிய சூழலில், ஐ. ஜி. மெற்றால் என்னும் உலோகத் தொழிலாளர் சங்கம் முழு ஊதியத்துடன் 35 மணிநேர வாரம் வேண்டுமெனக் கோரியது. இருக்கும் வேலையைக் கூடுதலானோர்க்குப் பகிர்தல் அதன் நோக்கம். 1967இல் எட்டப்பட்ட 40 மணிநேர வாரத்திலிருந்து ஒரு நிமிடமேனும் குறைக்கமாட்டோம் என முதலாளிகள் சங்கம் உறுதிகொண்டிருந்தது. மே மாத நடுப்பகுதியில் வடவூர்ட்டெம்பேர்க்–வடபாடன் பகுதியிலும், பின்னர் ஹெசனிலும் வேலைநிறுத்தம் மூண்டது. முதலாளிகள் கதவடைப்பால் மறுமொழி கூறினர். ஏறத்தாழ ஏழு வாரங்களின் பின்னர், முன்னாள் அமைச்சரும் தொழிற்சங்கத் தலைவருமாகிய ஜோர்ஜ் லேபரின் நடுவத்தால் இணக்கம் ஏற்பட்டது.

இவ்விணக்கத்தின் உள்ளமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. 1985 ஏப்பிரல் முதல் வாரவேலை 38.5 மணிநேரமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் அது தொழிலகம் முழுவதற்குமான சராசரி மட்டுமே. தனியொருவரின் வாரம் 37 மணிநேரமாகவும் அமையலாம். 40 மணிநேரமாகவும் அமையலாம். வாரத்துக்கு வாரம் ஏற்படும் வேறுபாட்டை இரண்டு மாதத்துக்குள் ஈடுசெய்தாற் போதும். விவரங்களை ஒவ்வொரு தொழிலகத்திலும் நிருவாகமும் தொழிலகப் பேரவையும் பேசித் தீர்க்கவேண்டும். தொழிலாளர் ஒன்றரை மணிநேரத்தைப் பெற்றனர். முதலாளிகள் நெகிழ்ச்சியைப் பெற்றனர். 1850இல் இங்கிலாந்துத் தொழிலாளர் இரண்டு மணிநேரத்தைக் கொடுத்து நெகிழாமையைப் பெற்றதன் நேரெதிர் வடிவம் இதுவாகும். 1995 ஒக்டோபரில் மேற்கு ஜேர்மனிய உலோகத் தொழில்துறை 35 மணிநேர வாரத்தை எட்டியபோது, வேலைநேரக் கணக்கு என்னும் ஏற்பாடும் வேரூன்றியிருந்தது. வங்கிக் கணக்கிற் பணத்தை இடுவதுபோல மேலதிக மணிநேரங்களை இட்டுவைத்துப் பின்னர் ஓய்வாக மீளப்பெறும் முறை அது.

அதன் பயனை மறுத்தல் நேர்மையாகாது. வொல்க்ஸ்வாகன் நிறுவனத்தில் 1993 இறுதியில் எய்திய உடன்படிக்கை வாரவேலையை 28.8 மணிநேரமாகக் குறைத்து, ஏறத்தாழ முப்பதினாயிரம் பேரின் தொழிலைக் காத்தது; ஆண்டு வருமானத்தில் ஒரு பகுதியைத் தொழிலாளர் இழந்தனர். 2009ஆம் ஆண்டு நெருக்கடியில் ஜேர்மனியின் மொத்த உற்பத்தி ஐந்து வீதத்துக்கு மேல் வீழ்ந்தபோதும் வேலையின்மை சிறிதளவே உயர்ந்தது. அரசு மானியத்துடனான குறுநேர வேலையும், கணக்கிலிருந்த மணிநேரங்களைச் செலவிட்டமையும் அதற்குரிய காரணங்களுட் சில. 2018இல் அதே சங்கம் பெற்ற உடன்படிக்கை, தொழிலாளி தன் விருப்பின்படி இரண்டு ஆண்டு வரை வாரத்தை 28 மணிநேரமாகக் குறைத்துப் பின்னர் முழுநேரத்துக்குத் திரும்பும் உரிமையை அளித்தது. 1984இல் முதலாளியின் பக்கம் நகர்ந்த நெகிழ்ச்சியின் ஒரு பகுதியைத் தொழிலாளர் மீட்ட நிகழ்ச்சியாக இதனைக் கருதலாம்.

எதனை அளப்பது? எவ்வாறு ஒப்பிடுவது?

இவ்வரலாற்றிலிருந்து ஒப்பீட்டுக்குரிய முறையை வகுப்பதற்கு எளியதோர் எடுத்துக்காட்டு உதவும். மூவர் நான்கு வாரங்களில் ஒவ்வொருவரும் 160 மணிநேரம் வேலை செய்கின்றனர் எனக் கொள்வோம். முதலாமவர் வாரந்தோறும் 40 மணிநேரம் வேலை செய்கிறார். மற்றை இருவரும் 30, 50, 30, 50 என மாறிமாறி வேலை செய்கின்றனர். மூவரதும் வாரச் சராசரி 40. சராசரி மட்டும் நோக்குவார்க்கு மூவரும் ஒருவரே. வாரங்களின் நியம விலகலைக் கணித்தால் முதலாமவர்க்குப் பூச்சியமும், ஏனைய இருவர்க்கும் 10 மணிநேரமும் வரும். இப்போது முதலாமவர் வேறு, மற்றை இருவர் வேறு எனத் தெரிகிறது. ஆனால் இரண்டாமவர் தம் படிப்புக்காகத் தாமே அவ்வாறு வகுத்துக்கொண்டார். மூன்றாமவர்க்கு முதல்நாள் மாலை மேற்பார்வையாளர் கட்டளையிட்டார் எனின், இவ்விருவரையும் எந்த எண் வேறுபடுத்தும்? நியம விலகல் வேறுபடுத்தாது. அசைவின் அளவை அறிவதோடு அசைப்பவர் யார் என்பதையும் தனியே கேட்டறிதல் வேண்டும்.

இந்நோக்கிற் குறைந்தது ஐந்து வினாக்கள் எழுகின்றன. வேலை அமையக்கூடிய சாளரத்தின் அகலம் யாது என்பது முதலாவது. சராசரி எடுக்கும் காலம் எவ்வளவு என்பது இரண்டாவது. மாற்றத்தைத் தீர்மானிப்பவர் யார் என்பது மூன்றாவது. எத்தனை நாள் முன்னறிவித்தல் தரப்படுகிறது என்பது நான்காவது. குறைந்தபட்ச மணிநேரமும் அதற்குரிய ஊதியமும் உறுதிசெய்யப்பட்டுள்ளனவா என்பது ஐந்தாவது. டப்ளின் நகரிலுள்ள ஐரோப்பியத் தாபனமொன்று 1990களின் தொடக்கத்திலிருந்து நடத்திவரும் தொழில் நிலைமைகள் பற்றிய அளவீட்டில் இவற்றுட் சில இடம்பெற்றுள்ளன. வேலைநேரத்தை நிறுவனமே முற்றாக வகுக்கிறதா, சில ஒழுங்குகளுள் ஒன்றைத் தெரியலாமா, எல்லைக்குட்பட்டு மாற்றலாமா, முற்றிலும் தாமே வகுக்கலாமா என நால்வகை விடைகளை அது தருகிறது. மாற்றம் அன்றே அறிவிக்கப்படுகிறதா, முதல்நாள் அறிவிக்கப்படுகிறதா, பல நாள் முன்னரா, பல வாரம் முன்னரா எனவும் வினாவுகிறது. ஹோனர் லங்காஷயரில் தொடங்கிய வினாவுதல் முறை இவ்வாறு வளர்ந்துள்ளது எனலாம்.

ஐந்து வினாக்களையும் வரலாற்று ஒழுங்குகளுக்குப் பொருத்திப் பார்ப்போம். 1848ஆம் ஆண்டு மாற்றுக்குழு முறையிற் சாளரம் 15 மணிநேரம், தீர்மானிப்பவர் முதலாளி, உறுதியான இடைவேளை எதுவுமில்லை. ஒட்டோபிறூன் முறையில் மைய நேரத்துக்கு வெளியே தீர்மானிப்பவர் ஊழியர். வேலையும் ஊதியமும் உறுதியானவை. 1984ஆம் ஆண்டு இணக்கத்தில் மூன்று மணிநேர வாரவேறுபாடு மட்டுமே உண்டு. சராசரிக் காலம் இரண்டு மாதம். தீர்மானம் இருதரப்புக்கும் பொதுவானது. வெளிப்பார்வைக்கு மூன்றுமே நெகிழ்ச்சியான முறைகள்தாம். ஆனால் முதலாவதும் இரண்டாவதும் எதிரெதிர்த் துருவங்களில் நிற்கின்றன.

அண்மைக்கால பிரித்தானியாவும் ஜேர்மனியும் இவ்வகையில் ஒப்பிடத்தக்கன. பிரித்தானியாவிற் 'பூச்சிய மணி' ஒப்பந்தங்களின்கீழ் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் வேலை செய்யும் நிலை 2020களில் ஏற்பட்டது. இவ்வொப்பந்தத்தில் உறுதியான மணிநேரம் எதுவுமில்லை. அத்தகைய தொழிலாளி வேறிடத்தில் வேலை செய்யலாகாது என்னும் நிபந்தனை 2015ஆம் ஆண்டிலேயே செல்லாததாக்கப்பட்டது. ஜேர்மனியில் அழைப்பின்பேரில் வேலைசெய்வோர்க்கு நான்கு நாள் முன்னறிவித்தல் தரப்படல் வேண்டும் என்னும் விதி 1985 முதல் உண்டு. ஒப்பந்தத்தில் மணிநேரம் குறிக்கப்படாதவிடத்து வாரத்துக்கு 10 மணிநேரம் எனக் கொள்ளப்பட்டது. 2019 முதல் அது 20 மணிநேரமாயிற்று. இன்னொரு பக்கத்தில், நெகிழ்ச்சியான நேரத்தைக் கேட்கும் உரிமையைப் பிரித்தானியா 2003இல் இளஞ்சிறாரின் பெற்றோர்க்கும், 2014இல் ஆறுமாதம் பணியாற்றிய ஊழியர் அனைவர்க்கும், 2024 ஏப்பிரல் முதல் பணியேற்கும் முதல் நாளிலிருந்தும் வழங்கியது. கேட்கும் உரிமை பெறும் உரிமையாகாது எனினும், ஒரே நாட்டில் இருவகை நெகிழ்ச்சியும் ஒருங்கே வளர முடியும் என்பதை இது காட்டுகிறது. ஒரு நாட்டுக்கு ஒரே எண்ணால் நெகிழ்ச்சிப் புள்ளி வழங்கும் ஒப்பீடுகள் இவ்வுண்மையை மறைத்துவிடும்.

பதிவேடு

இறுதியாக ஒன்று கூறல் வேண்டும். எவ்வளவுகோலாயினும் பதிவில்லாத நேரத்தை அளக்க அதனால் இயலாது. ஊழியர் மீதுள்ள நம்பிக்கையின்பேரில் நேரத்தைக் குறிக்காது விடும் முறை ஜேர்மனியில் 1990களிலிருந்து பரவியது. வாயிற் பொறியில் அட்டை குத்தும் இழிவிலிருந்து விடுதலை என அது வரவேற்கப்பட்டது. வேலை முடியும்வரை வேலை என்னும் நிலைக்கு அது பலரை இட்டுச் சென்றமையும் உண்டு. ஸ்பெயினின் தொழிற்சங்கமொன்று தொடுத்த வழக்கில் 2019 மே 14ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம், ஒவ்வொரு தொழிலாளரின் நாள்வேலை நேரத்தையும் அளக்கும் நம்பகமான முறையை நிறுவ முதலாளிகளைக் கட்டாயப்படுத்தல் உறுப்பு நாடுகளின் கடமை எனத் தீர்த்தது. ஜேர்மனியின் கூட்டாட்சித் தொழில் நீதிமன்றமும் 2022 செப்ரெம்பரில் அவ்வாறே வேலைநேரப் பதிவு முதலாளியின் கடமை எனக் கூறியது. அளக்கப்படாத நேரத்துக்கு எல்லை வகுத்தல் வீண் என்னும் இத்தீர்ப்புகளின் நியாயம் 1848இல் லங்காஷயர்ப் பரிசோதகர் எழுப்பிய நியாயமே.

தொகுத்து நோக்குமிடத்து, வேலைநேரத்தின் வரலாறு நெகிழ்ச்சியிலிருந்து இறுக்கத்துக்கும் மீண்டும் நெகிழ்ச்சிக்கும் சென்ற ஊசலாட்டம்போலத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின் அது நேரத்தின்மீதான உரிமைக்கு நிகழ்ந்த ஒரே போராட்டத்தின் பல கட்டங்களாகும். இறுக்கமான நாள் 1850இல் தொழிலாளரைக் காத்தது. அதே இறுக்கம் 1967இற் பிள்ளைகளையுடைய தாய்க்குச் சுமையாயிற்று. நெகிழ்ச்சி ஒட்டோபிறூனில் உரிமையாயிற்று. லங்காஷயரில் அதுவே உரிமைப் பறிப்பாயிற்று. ஆகவே புள்ளிவிவர அட்டவணையொன்றில் நெகிழ்ச்சி என்னும் தலைப்பைக் காணும் மாணவன், அதன் கீழுள்ள எண்ணைப் படிப்பதற்கு முன்னர், அந்த எண் எவரது கையசைவை அளந்தது என வினாவுதல் வேண்டும். மக்கிள்ஸ்பீல்ட் கடிகாரத்துக்கு இரண்டு முகங்கள் இருந்தன. ஒப்பீட்டாளன் அவ்விரண்டையும் படிக்கக் கற்றவனாதல் வேண்டும்.